பூசணி முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?

வெளிநாட்டிலுள்ள உறவினரோடு தொலைபேசியில் கதைக்கும்போது சமையல் கதை வராமல் இருப்பதில்லை. "இண்டைக்கு என்ன கறி, அக்கா?" என்று இங்கிருந்து கேட்டால், "சுக்கினிக் கறி" என்று அங்கிருந்து பதில் வருகிறது. அது என்ன காய், எமது மண்ணில் வருமா, உடம்புக்கு நல்லது என்கிறார்களே, அது உண்மையா என்று எமது மாதர் கூட்டமொன்றில் ஒரு தாய் கேட்டார். முன்பு இரண்டு ஏக்கர் தோட்டம் செய்த குடும்பம் அவருடையது. இன்று இன்னொருவர் காணியில், கொட்டிலைச் சுற்றி நாலு முழ நிலம் மட்டும் உள்ளது. அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

சுக்கினி பூசணி இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத்தின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோவில் ஏறக்குறைய 10,000 வருடங்களுக்கு முன்பே பூசணி பயிரிடப்பட்டதாக அறிஞர் கண்டுள்ளனர். கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போன பூசணியில் இருந்து, இத்தாலியின் வடபகுதித் தோட்டக்காரர் இந்த நீண்ட பச்சைக் காயைத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். இத்தாலிய மொழியில் சுக்கா என்றால் பூசணி. சுக்கினி என்றால் குட்டிப் பூசணி. பார்வைக்கு வெள்ளரிக்காய் போல இருக்கும். கொடியாக ஓடாமல் செடியாக நிற்கும். எமது நாட்டில் மலையகப் பகுதியில் பயிரிட்டு ஹோட்டல்களுக்கும் நகரக் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள். விதை விலை கூடியது. பெரும்பாலும் கலப்பின விதை என்பதால் அதில் எடுக்கும் விதை தாயைப் போல வராது. வறண்ட பகுதியில் கைக்காசு போட்டு அதை வளர்க்கப் புறப்படுவதை நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

ஆனால் சுக்கினி உண்பவர்களிடம் நாம் கற்கவேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் காயை முற்றவிடுவதில்லை. பூ வாடிச் சில நாட்களில், தோல் நகத்துக்கு இடம் கொடுக்கும் பருவத்தில், பிஞ்சாகவே பறித்துத் தோலோடு சமைக்கிறார்கள். எமது வளவுப் பூசணியையும் (சில ஊர்களில் பூசினி என்பார்கள், நீற்றுப்பூசணி வேறு) இதே பருவத்தில் பறித்தால் கறி ஏறக்குறைய ஒன்றுதான். நாமோ தோல் தடித்து, காம்பு காய்ந்து, உள்ளே மஞ்சள் ஏறும்வரை காத்திருந்து பழகிவிட்டோம்.

சொந்த வளவில் இருந்த காலத்தில் காத்திருப்பதில் நட்டமில்லை. விதை போட்ட நாளிலிருந்து முற்றிய காய்க்கு மூன்று மாதத்துக்கு மேல், சில இனங்களுக்கு நான்கு மாதம்வரை செல்லும். அதுவரை இதே இடத்தில் இருப்போமா என்று சொல்ல முடியாத குடும்பங்கள் எம்மிடையே பல. "நட்டுவிட்டுப் போனால் வேறு யாரோ தின்பார்கள்" என்று சொல்லி ஒன்றுமே நடாமல் விட்டவர்களையும் கண்டிருக்கிறோம். அவர்களைக் குறைகூற மாட்டோம். ஆனால் பூசணிக் கொடி நாலாம் ஐந்தாம் கிழமையிலேயே இலை தரும், ஆறாம் கிழமையளவில் பூத் தரும், எட்டாம் ஒன்பதாம் கிழமையில் பிஞ்சு தரும். இதை எண்ணிப் பார்த்து ஒரு குழியாவது வெட்டுங்கள் என்று கேட்கிறோம்.

குழியும் கொடியும்

ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழம் போதும். மேல்மண்ணோடு நன்றாக உக்கிய மாட்டெருவோ குப்பையோ கலந்து நிரப்பி நாலு விதை ஊன்றுங்கள். ஒரு கிழமையில் முளைக்கும். இரண்டை விட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடலாம். பாத்திரம் கழுவும் நீர், அரிசி கழுவும் நீர் எல்லாம் அந்தக் குழிக்கே போகட்டும். சவர்க்காரம் மிகுந்த நீரும் மலசலகூடத்துப் பக்கத்து நீரும் வேண்டாம். இடம் போதாதென்றால் கொடியை வேலியில் அல்லது கொட்டில் கூரையில் ஏற்றிவிடுங்கள். தறப்பாள் கூரையென்றால் நாலு தடி குறுக்கே கட்டி அதன்மேல் ஏற்றுவது நல்லது. பாரத்தில் தறப்பாள் கிழியும்.

முதலில் வருபவை ஆண் பூக்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். "பூத்துக் கொட்டுகிறதே, காய்க்கவில்லையே" என்று பலர் மனம் சோர்ந்து கொடியை அறுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பொறுங்கள். சில நாட்கள் கழித்துப் பெண் பூ வரும். பூவின் அடியில் உருண்டையான சிறு பிஞ்சு இருக்கும். பூ விடியற்காலையில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். குடிசைகள் நெருங்கிய இடங்களில் தேனீ குறைவு. ஆகவே காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்து, நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிக்கொடுத்தால் பள்ளிக்குப் போகுமுன் அவர்களே செய்துவிடுவார்கள். எமக்குத் தெரிந்த ஒரு சிறுவன் எந்தப் பூவுக்குத் தான் தடவினான் என்று நூல் கட்டி அடையாளம் வைத்திருந்தான்.

பிடித்த பிஞ்சைப் பழ ஈ குத்தாமல் பழைய கடதாசிப் பையால் மூடிவிடுங்கள். ஏழு முதல் பத்து நாளில் பறிக்கலாம். பிஞ்சைப் பறிக்கப் பறிக்கக் கொடி மேலும் பிடிக்கும்; ஒரு காயை முற்றவிட்டால் கொடியின் சத்து அதற்கே போய் மற்றப் பிஞ்சுகள் குறையும்.

சமைக்கும் முறை

பிஞ்சுப் பூசணியைச் சமைப்பதில் நடக்கும் பெரிய பிழை நீர் விடுவது. காயில் இருப்பதே பெரும்பாலும் நீர். தோல் சீவ வேண்டாம். விதைக் குடலையும் எடுக்க வேண்டாம். விரல் மொத்தத்தில் வெட்டுங்கள். சட்டியில் ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, கடுகு, வெங்காயம், பச்சைமிளகாய், இரண்டு பல் உள்ளி, கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டுச் சிறிது மஞ்சள் தூவிப் பிரட்டி மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் தன் நீரிலேயே வெந்துவிடும். அரைக் கோப்பை தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் உப்பிட்டு இறக்குங்கள். உப்பை முதலே போட்டால் நீர் விட்டுக் குழைந்துவிடும். தேங்காய் வாங்க வசதி இல்லாத நாளில் பாலுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி பருப்பை வேகவைத்துச் சேர்க்கலாம். கருவாட்டுத் துண்டு இரண்டு போட்டால் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இலையில் கொழுந்தையும் அதற்கடுத்த இரண்டு மூன்று இளம் இலைகளையும் எடுங்கள். காம்பின் நாரை உரித்துவிட்டு மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து வறையாக்குங்கள். இலையிலுள்ள சுணை வெந்ததும் தெரியாது. இறக்கிய பின் தேசிக்காய்ப் புளி விட்டால் இலையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். மகரந்தம் தடவி முடிந்த ஆண் பூவையும் எறிய வேண்டாம். நடுத்தண்டை நீக்கி, எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, கழுவிச் சொதியில் போடலாம், அல்லது அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கலாம்.

உடம்புக்கு என்ன செய்யும்?

சுக்கினியைப் பற்றிச் சிலர் மருந்து போலப் பேசுகிறார்கள். அளவோடு சொல்லுவோம். பச்சைச் சுக்கினி 100 கிராமில் 95 கிராம் அளவு நீர். சக்தி 17 கலோரி மட்டுமே. கொஞ்சம் விற்றமின் சீ, பொற்றாசியம், நார்ப்பொருள் உண்டு. சீனி வருத்தம் உள்ளவர்கள் சோற்றைக் குறைத்து இப்படிப்பட்ட காயைக் கூட்டினால் நல்லது. ஆனால் அது சீனியை மாற்றும் மருந்தன்று, வில்லையை நிறுத்த வேண்டாம். வயிறு நிறையும், ஆனால் வளரும் பிள்ளைக்கும் தோட்டத்தில் வேலை செய்பவருக்கும் அது மட்டும் போதாது. பருப்போ மீனோ முட்டையோ பக்கத்தில் வேண்டும்.

இன்னொன்று. விற்றமின் ஏ விடயத்தில் பிஞ்சு தோற்றுவிடும். சுக்கினி 100 கிராமில் சுமார் 10 மைக்ரோகிராமுக்குச் சமனான விற்றமின் ஏ. நன்றாக மஞ்சள் ஏறிய பூசணியில் 400ஐத் தாண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 300 வேண்டும். மாலையானதும் கண் தெரியாமல் தடுமாறும் பிள்ளைகள் பற்றிப் பழைய தாய்மாருக்குத் தெரியும். அந்தக் குறைக்குக் காரணம் இந்த விற்றமின் போதாமைதான். எனவே ஒவ்வொரு கொடியிலும் ஒரு காயையாவது முற்றவிடுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு அதை அவித்து மசித்து, ஒரு சிறு கரண்டி எண்ணெய் அல்லது தேங்காய்ப்பால் சேர்த்துக் கொடுக்கலாம். கொழுப்பு இல்லாவிட்டால் அந்த மஞ்சள் சத்து உடம்பில் நன்றாகச் சேராது. முற்றிய காயைக் காம்போடு வெட்டிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் இரண்டு மாதம் கெடாது. திடீரென இடம் மாற நேர்ந்தாலும் கூடவே கொண்டுபோகலாம்.

சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். வவுனியா, அநுராதபுரம் பக்கத்து விவசாயிகளிடையே இந்த நோய் அதிகம். பொற்றாசியத்தைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தால், காயையும் இலையையும் நிறைய நீரில் அவித்து நீரை ஊற்றிவிட்டுச் சமைக்கவேண்டும். எவ்வளவு உண்ணலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கசந்தால் எறியுங்கள்

பூசணி, சுக்கினி, சுரை, பீர்க்கு எதுவானாலும் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் உண்ணக்கூடாது. பாகற்காயின் கசப்பு வேறு, இது நஞ்சு. சமைத்தாலும் அழியாது. 2015 இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், அயலவர் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியை உண்ட 79 வயது முதியவர் ஒருவர் இறந்தார். இந்தியாவில் கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்தும் மரணங்கள் நேர்ந்துள்ளன. குப்பையில் தானே முளைத்த கொடியிலும், அழகுக்கு வளர்க்கும் பூசணியோடு மகரந்தம் கலந்த விதையிலும் இந்த ஆபத்துக் கூட. ஒவ்வொரு காயையும் வெட்டியதும் சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, வாயைக் கழுவி, காயைப் புதையுங்கள். அந்தக் கொடியின் விதையையும் வைக்காதீர்கள். பசியுள்ள வீட்டில் ஒரு காயை எறிவது எவ்வளவு கடினம் என்பது எமக்குத் தெரியும். ஆனாலும் எறியுங்கள். உண்டபின் வாந்தி, வயிற்றோட்டம் கண்டால் ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காமல் போங்கள்.

விதை

முற்றவிட்ட காயைப் பறித்து மூன்று கிழமை வைத்திருந்து பின் வெட்டினால் விதை நன்றாகத் திரண்டிருக்கும். சதைப்பற்றுப் போகக் கழுவி, சுளகில் பரப்பி நிழலில் காயவையுங்கள். வளைத்தால் வளையாமல் முறிவதே காய்ந்ததற்கு அடையாளம். சப்பட்டையான விதைகளை நீக்கிவிட்டுத் திரண்டவற்றில் இருபதை நடுவதற்கு ஒதுக்குங்கள். மிஞ்சியவற்றை வறுத்துக் கோதுடைத்துத் தின்னலாம். பருப்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம். சிறு குழந்தைக்கு முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும். இடித்துச் சம்பலிலோ கஞ்சியிலோ சேருங்கள்.

ஒதுக்கிய இருபதையும் ஈரமில்லாத சிறு போத்தலில், அடியில் ஒரு பிடி உலர்ந்த சாம்பல் போட்டு, இறுக மூடிக் காய் பறித்த மாதத்தை எழுதி ஒட்டுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பள்ளிக் கடதாசிகள் வைத்திருக்கும் பையிலேயே அந்தப் போத்தலையும் வையுங்கள்.