முக்கோணத்தை வரைந்தது யார்?

கேள்வி: எங்கள் கம்பெனிப் பயிற்சி வகுப்பில் ஒரு முக்கோணம் காட்டினார்கள். அடியில் சோறு, தண்ணீர், மேலே பாதுகாப்பு, அப்புறம் அன்பு, மரியாதை, உச்சியில் தன் திறமை முழுதும் வெளிப்படுவது. கீழ்ப்படி நிறைந்தால்தான் மனிதன் அடுத்த படிக்கு ஆசைப்படுவானாம். இதைக் கண்டுபிடித்தவர் யார்?
— ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: ஐந்து தேவைகளும் ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியலாளருடையவை. 1943-இல் ஒரு கட்டுரையில் சொன்னார். முக்கோணம் வேறொருவர் கைவேலை. தெரிந்தவரை அதை முதலில் அச்சில் போட்டவர் சார்லஸ் மெக்டெர்மிட் என்ற நிர்வாக ஆலோசகர், 1960-இல். பணம் ஆட்களை எப்படித் தூண்டுகிறது என்பதுதான் அவர் கட்டுரையின் விஷயமே!

மாஸ்லோ இவ்வளவு கறாராகப் பேசவில்லை. சராசரி ஆளுக்கு வயிற்றுத் தேவை 85 சதவீதம், பாதுகாப்பு 70, அன்பு 50, மரியாதை 40, உச்சித் தேவை 10 சதவீதம் நிறைவேறியிருக்கலாம் என்று குத்துமதிப்பாக ஒரு கணக்குப் போட்டார். அதாவது எல்லாமே ஒரே சமயத்தில் அரைகுறையாக ஓடிக்கொண்டிருக்கும். படத்தில் அந்தக் கணக்கு காணாமல் போயிற்று.

படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்றால், இருந்த செல்வத்தை உதறிவிட்டுத் திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கியதாகச் சொல்லப்படும் பட்டினத்தாரை எந்தப் படியில் உட்காரவைப்பது? சரி, துறவி விவகாரம், விடுங்கள். பெரம்பூருக்கு வாருங்கள். பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் அந்தக் காலத்தில் கூலி சொற்பம். மதியச் சாப்பாட்டுக்கு விட்ட நேரமோ சோற்றை விழுங்கவே போதவில்லை. கூடவே மேலாட்களின் வசவும் அடியும். இந்தக் குறைகளைத் தொழிலாளிகள் அங்கே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் வந்து கொட்டினார்கள். அவரும் ராமானுஜலு நாயுடுவும் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். வயிறு நிறையட்டும், மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் தொழிலாளிகள் காத்திருக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

உங்கள் வகுப்பில் அடுத்து ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் வருவார். சம்பளம் குறைந்தால் ஆள் முணுமுணுப்பான், கூட்டிக் கொடுப்பதால் மட்டும் வேலையில் உற்சாகம் வந்துவிடாது என்றவர். நிர்வாகங்களுக்கு அவரை ஏன் பிடிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 1959-இல் வந்த புத்தகத்துக்காக அவர் குழு பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் வட்டாரத்து இன்ஜினீயர்களையும் கணக்கர்களையும், சுமார் 200 பேரை. மெஷின் முன்னால் நிற்பவர்களை அல்ல.