வலிக்க வலிக்க வாசித்தால்தான் வித்வானா?

"கை வலிக்குதா? அப்போ ஒழுங்கா சாதகம் பண்றேன்னு அர்த்தம்." வாத்தியம் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் இந்தப் பாராட்டு தில்லி ஆர்.கே.புரத்திலும் தாராளமாகக் கிடைக்கிறது. 1973-இல் குடமுழுக்கு கண்ட மலை மந்திர், தில்லித் தமிழ்ச் சங்கம், தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி எல்லாம் அந்த ஒரே வட்டாரத்துக்குள் இருக்கின்றன. அரசுக் குடியிருப்புகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பாட்டு மாமி அல்லது மிருதங்க சார் இன்னொரு பக்கம். பாடத்தோடு சேர்ந்து வலி பற்றிய நம்பிக்கைகளும் குருவிடமிருந்து சீடருக்கு இறங்கிவிடுகின்றன.

வலி எல்லாம் ஒன்றல்ல. வீணைக் கம்பி பதிந்து இடக்கை விரலில் காய்ப்பு ஏறுவதும், புதிதாக மிருதங்கம் பழகுபவரின் உள்ளங்கை சிவந்து எரிவதும் தோலின் சங்கதி. கொஞ்ச நாளில் தோல் பழகிக்கொள்ளும். மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் எழும் வலி, விரல் மரத்துப்போவது, ராத்திரி எழுப்பிவிடும் குத்தல் ஆகியவை தசை, தசைநாண், நரம்பு சம்பந்தப்பட்டவை. வாசிக்க வாசிக்க அவை பழகிக்கொள்வதில்லை, முற்றத்தான் செய்யும்.

பூஞ்சை உடம்புக்காரருக்குத்தான் இதெல்லாம் வரும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் சிம்பொனி, ஆபரா இசைக்குழுக்களில் 1980-களில் எடுத்த கணக்கெடுப்பில் 2,212 பேர் பதில் சொன்னார்கள். வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஏதாவதொரு உடல் தொல்லை தமக்கு உண்டு என்றவர்கள் 76 சதவீதம். ஆஸ்திரேலியாவின் தொழில்முறை இசைக்குழுக்கள் பற்றி 2012-இல் வெளியான ஆய்வில், வாசிப்புக்கு இடைஞ்சலான வலியை எப்போதாவது அனுபவித்தவர்கள் 84 சதவீதம். எல்லோரும் தேர்ந்த கலைஞர்கள். தவறாக வாசித்ததால் வந்த வலி என்று அவர்களிடம் யாராவது போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்!

"சம்மணம் போட்டு உட்காருவது நம் மரபு, அதில் முதுகுவலியே வராது" என்பது அடுத்த நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது. பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக இசைக்குள் வந்த வயலினை, மேற்கத்தியர் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்குகிறார்கள். நம்மவர்கள் அதன் சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி வைக்கிறார்கள். கமகத்துக்காக இடக்கை மேலும் கீழும் தாராளமாக ஓடுகிறது, கழுத்துக்கும் இறுக்கம் குறைவு. ஆனால் இரண்டரை மணி நேரக் கச்சேரி முழுக்கக் கால் அசையாமல், முதுகு வளைந்தபடி இருந்தால் இடுப்பும் முழங்காலும் பதில் கேட்கும். வீணையிலும் இதே கதை: குடம் தரையில், சுரைக்குடுக்கை இடது தொடைமேல், இடக்கை தண்டியைச் சுற்றி வளைந்து எப்போதும் ஒரே கோணத்தில். தொல்லை சம்மணத்தில் இல்லை, அசையாமல் இருப்பதில்தான். சாதகத்தின்போது உட்காரும் இடத்தில் சிறு திண்டு வைத்து இடுப்பை உயர்த்துவது, கால் மாற்றிக்கொள்வது, 25 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் எழுந்து நடப்பது என்று இதற்கான யோசனைகள் எளியவை. மரபு ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பல வாத்தியம் வாசிப்பவருக்குப் பாரம் பிரிந்துவிடும் என்று ஒரு வாதம் உண்டு. பாலமுரளிகிருஷ்ணா பாடியதோடு வயலின், வயோலா, மிருதங்கம், கஞ்சிரா எல்லாம் வாசித்தார். கஞ்சிராவில் பேர்பெற்ற செல்வகணேஷ் கடமும் மிருதங்கமும் வாசிப்பவர். இவர்களைப் பார்த்து, பிள்ளையை மூன்று வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் ஒரு கணக்கை மறக்கிறார்கள். மிருதங்கம் ஒரு மணி, கடம் ஒரு மணி என்றால் மணிக்கட்டுக்கு அது இரண்டு மணிதான். கஞ்சிராவைத் தூக்கிப் பிடிக்கும் இடக்கைக்கு வேலை கூடத்தான் செய்யும். அதற்கு மேல் கீபோர்டு, கணினி, கைபேசித் தட்டச்சு. வேறு வேறு தசையைக் கேட்கும் வாத்தியங்களானால் மாற்றம் இதமாக இருக்கலாம். ஒரே விரல்களையே கேட்பவையானால் மொத்த நேரம்தான் பேசும். அதிலும் ஆபத்து திடீர் உயர்வில்: தினம் அரை மணி வாசித்த பிள்ளை, போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது மூன்று மணிக்குத் தாவுவது.

தில்லியில் இன்னொன்றும் சேர்கிறது. தியாகராஜ ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில், ஊரே நடுங்கும் நாட்களில் வரும். விறைத்த விரலோடு மேடையேறி நேராகத் துரித காலத்தில் இறங்குவது வலிக்கு நல்ல அழைப்பு. அதற்கு முன் பலாமரக் கட்டையில் செய்த மிருதங்கத்தை ஒரே தோளில் தொங்கவிட்டு மெட்ரோ படி ஏறியிருப்பார்கள். பழி வாசிப்பின்மேல் விழும், வேலையைக் காட்டியது பையின் வார்.

"எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனசு" என்பதுதான் இருப்பதிலேயே கொடுமையானது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசைநாண் வீக்கமும் நரம்பு அழுத்தமும் பெரும்பாலும் அதில் தெரியாது. டிஸ்டோனியா என்றொரு கோளாறு உண்டு: வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் விரல் தானாக மடங்கும். தொழில்முறைக் கலைஞர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு வரலாம் என்பது மதிப்பீடு. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1964-இல் வலக்கையின் கடைசி இரு விரல்கள் இப்படி மடங்கத் தொடங்கின. அவர் செய்தது இன்னும் கடுமையான சாதகம். நிலைமை மோசமாகி, பல ஆண்டுகள் இடக்கைக்கான இசையை மட்டும் வாசித்தார். 1990-களில் போட்டாக்ஸ் ஊசியின் உதவியோடு இரு கைகளாலும் வாசிக்கத் திரும்பினார், 2004-இல் 'டூ ஹேண்ட்ஸ்' இசைத்தட்டு வந்தது. அதே 2004-இல் தப்லா கலைஞர்களுக்கு வந்த டிஸ்டோனியா பற்றி 'மூவ்மென்ட் டிஸார்டர்ஸ்' என்ற நரம்பியல் இதழில் இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள்.

அதற்காக, வலித்தால் வாத்தியத்தை மாசக்கணக்கில் மூட்டை கட்ட வேண்டும் என்பதும் மூடநம்பிக்கைதான். முழு ஓய்வில் தசை தளரும், திரும்பி வந்ததும் பழைய வேகத்தில் வாசிக்கப்போய் வலி மீண்டும் பிடித்துக்கொள்ளும். வலி கிளப்பும் வாசிப்பை நிறுத்தி, பத்து நிமிடம் விளம்ப காலத்தில் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டுவதே பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லும் வழி. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒற்றடம் கொடுத்தால் இதமாக இருக்கும், தேய்க்கட்டும். மரப்பும் பலவீனமும் நீடித்தால் எண்ணெயோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது கையை மட்டும் கொண்டுபோனால் போதாது. வாத்தியத்தையும் எடுத்துப்போய், வலி வரும் அந்த இடத்தை வாசித்துக் காட்ட வேண்டும். வீணைக்காரர்கள் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போகலாம்.