கை ஏன் மரத்துப் போகிறது?



தினமும் ஊரிலிருந்து 34 கி.மீ. தூரம் அப்பாவின் பழைய ஒற்றை சிலிண்டர் பைக்கில்தான் கல்லூரிக்கு வருகிறேன். ஒருநாள் முதல் பீரியடே ஒர்க்‌ஷாப். மைக்ரோமீட்டரைத் திருகினால் ராச்செட் சத்தம் காதில் கேட்கிறது, விரலில் ஒன்றும் தெரியவில்லை. "தம்பி, இந்தக் கையோட லேத்துல நிக்காதே, போய் உட்காரு" என்று அனுப்பிவிட்டார் இன்ஸ்ட்ரக்டர். அரைமணி நேரம் கழித்துத்தான் உணர்வு வந்தது.

வீட்டில் சொன்னேன். "பைக்குன்னா அப்படித்தான்டா, எனக்கும் மரத்துத்தான் போகும்" என்றார் அப்பா. பல வருஷம் அதே வண்டியில் பால் கேன் கட்டிக்கொண்டு போனவர். இன்று அவருக்குச் சட்டைப் பித்தான் போட அம்மா உதவிக்கு வரவேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது. நம்மைப் போன்றவர்களுக்குக் கைதானே சொத்து!

முதலில் காரணத்தைப் பார்ப்போம். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதால் உண்டாகும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கணக்குக்காகப் பிஸ்டன் வகை எடை 200 கிராம், கிராங்க் ஆரம் 25 மி.மீ. என்று வையுங்கள். 3000 ஆர்.பி.எம்.மில் சுமார் 50 கிலோ எடைக்குச் சமமான விசை. 6000-ல் 200 கிலோ! அதுவும் விநாடிக்கு 100 சுற்று. கிராங்கில் எதிர் எடை வைக்கலாமே என்பீர்கள். முழுதாக வைத்தால் அதே ஆட்டம் பக்கவாட்டில் திரும்பிவிடும். அதனால் ஏறக்குறைய பாதிக்குத்தான் வைப்பார்கள். மீதியைச் சமாளிக்க 2021-ல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்ற வண்டிகளில் எதிர்த்திசையில் சுற்றும் பேலன்ஸர் ஷாஃப்ட் இருக்கிறது. என் வண்டியில் அது இல்லை.

அடுத்து, அதிர்வு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆளில்லாத ரோட்டில் ஒரே வேகத்தில் மூன்றாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாற்றியதும் அதிர்வு மாறினால் எஞ்சின் பக்கம். மாறாவிட்டால் டயர், வீல், வீல் பேரிங் பக்கம்.

எனக்கு மாறியது. ஸ்பேனர் வைத்துப் பார்த்தால் எஞ்சின் மவுண்டிங் போல்ட்டு இரண்டு லூஸ்! ஹேண்டில்பார் கிளாம்ப்பும் லூஸ். குறிப்பிட்ட டார்க்கில் டைட் செய்தேன். செயின் தொய்வையும் சரிசெய்தேன். பைசா செலவில்லாமல் பாதி குறைந்தது.

ஆனாலும் 50 கி.மீ. வேகத்தில் மட்டும் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரிந்தது. இதுதான் ஒத்ததிர்வு. எஞ்சினின் அதிர்வெண்ணும் ஹேண்டில்பாரின் இயல்பு அதிர்வெண்ணும் அங்கே ஒன்றாகின்றன. பாரின் முனையில் எடை கூட்டினால் இயல்பு அதிர்வெண் இறங்கும். 32 மி.மீ. விட்டம், 35 மி.மீ. நீளத்தில் எம்.எஸ். ராடு இரண்டு துண்டு கடைந்தேன். ஒன்று சுமார் 220 கிராம். பாருக்குள் ரப்பர் புஷ் வைத்து, போல்ட்டால் இறுக்கினால் புஷ் விரிந்து பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டர் பக்கம் கிரிப்புக்கும் எடைக்கும் நடுவே இடைவெளி கட்டாயம் வேண்டும். ஆக்ஸிலேட்டர் தானாகத் திரும்புகிறதா என்று பார்க்காமல் வண்டி எடுக்காதீர்கள்.

அதிர்வு ஒழிந்ததா? இல்லை, 40-க்குக் கீழே இறங்கியது. ஆனால் அந்த வேகத்தில் எஞ்சின் விசையே குறைவு. நான் அங்கே அதிக நேரம் நிற்பதும் இல்லை. அதிர்வை ஒழிக்க முடியாதபோது தொல்லை தராத இடத்துக்குத் தள்ளிவிடுவதும் என்ஜினீயரிங்தான்.

இனி நம் கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளிப்பக்கத்தை அழுத்துகிறீர்கள் என்று பொருள். கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கலாம். முழங்கையிலிருந்து விரல் வரை நேர்கோடாக வரும்படி பிரேக், கிளட்ச் லீவர்களைத் திருப்பி வையுங்கள். கிரிப்பை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு இன்னும் நன்றாகக் கைக்குள் ஏறும். ரொம்பத் தடியான கிரிப்பும் இறுக்கிப் பிடிக்கவே வைக்கும்.

இது புதுச் சங்கதியல்ல. காற்றுச் சுத்தியல் பிடித்த கல் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை 1918-லேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் ஆராய்ந்தார். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு போகாவிட்டாலோ, ராத்திரியில் கை மரத்து விழிப்பு வந்தாலோ, குளிரில் விரல் வெளுத்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்பாவையும் அழைத்துப் போனேன். "முன்னமே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். மருந்தும் பயிற்சியும் நடக்கிறது. மேல் பித்தானை மட்டும் இப்போது அவரே போட்டுக்கொள்கிறார்.

நண்பர்களே, "அப்படித்தான்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஸ்பேனரை எடுங்கள். நம் பாடப் புத்தகத்தில் விடை இருக்கிறது.

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்