‘கோயில் ஊராச்சே’ என்பவர்களுக்கும் ‘பீர்தானே’ என்பவர்களுக்கும்

கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் காஞ்சிபுரத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் ஒரு நம்பிக்கையோடுதான் ஊர் திரும்புகிறார்கள். “கோயில் ஊராச்சே, காலேஜ் பக்கத்துல கடையெல்லாம் விட மாட்டாங்க.” ஏனாத்தூரிலும் பொன்னேரிக்கரையிலும் விடுதி அறையைப் பார்த்துவிட்டு, காமாட்சி அம்மனையும் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு அந்த நம்பிக்கை பெரிய ஆறுதல். ஆனால் அதற்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

காஞ்சிபுரத்துக்கென்று தனி மதுவிலக்கு எதுவும் கிடையாது. ஹரித்வாரிலும் ரிஷிகேஷிலும் மது விற்கத் தடை உண்டு. மத்தியப் பிரதேச அரசு 2025 ஏப்ரல் 1 முதல் உஜ்ஜைன் உள்ளிட்ட புனிதத் தலங்களில் கடைகளை மூடியது. தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. இங்கே இருப்பது 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகள். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் வழிபாட்டு இடத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சி ஆனது. ஆக, ஊருக்குள் இருக்கும் கல்லூரிக்கு 50 மீட்டர்தான் பாதுகாப்பு. ஒரு பையன் ஒரு நிமிடத்துக்குள் நடந்து கடந்துவிடும் தூரம் அது. அதிலும் விலக்குகள் உண்டு. திட்ட வரைபடத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடங்களுக்கு இந்தத் தூரக் கணக்கு பொருந்தாது. கடை வந்த பிறகு பக்கத்தில் கல்லூரி முளைத்தால் கடை போக வேண்டியதில்லை.

“நூறு கஜத்துக்குள்ள கூடாதுன்னு போர்டே இருக்கே” என்று கேட்பார்கள். பள்ளி, கல்லூரி மதில்களில் இருக்கும் அந்தப் பலகை புகையிலைக்கானது. பீடி, சிகரெட் விற்பதற்கான மத்தியச் சட்டத்தின் வரம்பு அது. மதுக்கடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு பிள்ளையின் கல்லூரி வாசலில் சிகரெட்டுக்கு 100 கஜமும் மதுவுக்கு 50 மீட்டரும் வைத்திருப்பது எந்த வகை அக்கறை என்று எனக்கு விளங்கவில்லை. அந்த எண் மாற வேண்டும்.

புனிதமான ஊரில் மது இருந்ததே இல்லை என்பதும் வரலாறு அல்ல. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசம்’ நாடகம் நடப்பது இதே காஞ்சித் தெருக்களில்தான். குடித்துவிட்டுத் திரியும் கபாலிகன், அவன் துணைவி, காணாமல்போன கபாலம், மதுக்கடை எல்லாம் அதில் உண்டு. மறைநூல் கற்க வெளியூரிலிருந்தெல்லாம் மாணவர் வந்த கடிகை இருந்ததும் இந்த ஊரில்தான். கல்வியும் கள்ளும் ஒரே ஊரில் இருந்த காலமும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டால்தான், இன்றைய பிள்ளைகளை ஊரின் பெயர் காப்பாற்றிவிடும் என்ற நினைப்பிலிருந்து வெளியே வர முடியும்.

இன்னொரு நம்பிக்கை இதற்கு நேர் எதிரானது. மதுவிலக்குச் சட்டம் எப்போதோ போய்விட்டது, அரசே விற்கிறது, ஆகவே எல்லாம் சரி என்பது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா முதல்வராக இருந்தவரை அதைத் தளர்த்த மறுத்தார். 1971இல்தான் தளர்ந்தது, பிறகு மூடித் திறந்து, 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். சட்டத்தின் அடிப்படை இன்னும் தடைதான். உரிமமும் அனுமதியும் அதற்கு விலக்குகள். கிளப்புக்கு ஒன்று, நட்சத்திர ஓட்டலுக்கு ஒன்று என உரிமங்களை வகை பிரித்திருக்கும் விதிகளில் கல்லூரி உணவகத்துக்கோ விருந்தினர் விடுதிக்கோ இடமில்லை. 2023இல் நிகழ்ச்சிகளுக்கான சிறப்பு உரிமம் ஒன்று வந்தபோது திருமண மண்டபங்களும் அதில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரலிலேயே அந்தப் பகுதியை அரசு நீக்கியது. எனவே ‘முன்னாள் மாணவர் சந்திப்புதானே, உள்ளே கொஞ்சம் ஏற்பாடு செய்துகொள்ளலாம்’ என்று பெரியவர்கள் நினைப்பதும் தவறு. வளாக விதி மாணவருக்கு மட்டுமல்ல, மேடையில் அமர்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டுப் போடும் வயது வந்தால் குடிக்கவும் வயது வந்துவிட்டது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். புதுச்சேரியில் 18 வயது. அங்கே தொழிற்சாலை பார்க்கப் போய் வந்தவர்கள் அதையே இங்கும் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 21, கேரளத்தில் 23. இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு விற்பதே இங்கே விதிமீறல். புதுச்சேரியிலிருந்து அனுமதியில்லாமல் பாட்டில் கொண்டுவந்தால் அது தனிக் குற்றம். கல்லூரிப் பேருந்தில் வந்தாலும் அப்படித்தான்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் விடுதியில் சொல்வதில்லை. முதலாமாண்டு சேரும் பல பிள்ளைகளுக்கு 17 வயதுதான். சட்டத்தின் பார்வையில் அவர்கள் குழந்தைகள். மருத்துவர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. “டேய், ஜூனியர், ஒரு வாய் குடிடா” என்று டம்ளரை நீட்டும் மூன்றாமாண்டு மாணவனுக்கு இது தெரியாது. அவன் கேட்காததால் தெரியவில்லை என்பதல்ல. நாம் அவனிடம் சொல்லவேயில்லை. வரவேற்பு விழாவில் ராகிங் பற்றிப் படிக்கும் உறுதிமொழியோடு இந்த ஒரு வரியையும் சேர்த்துப் படித்தால் போதும்.

“பீர்தானே, அது சரக்குல சேர்த்தியில்ல.” இதைச் சொல்பவர்கள் ஒருமுறை பாட்டிலின் பின்பக்கச் சீட்டைப் படித்துவிட்டுச் சொல்லட்டும். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் ஆல்கஹால் என்றால் 52 மில்லி சுத்தமான ஆல்கஹால். 42.8 சதவீதம் உள்ள பிராந்தியில் 60 மில்லி பெக் ஒன்றில் இருப்பது 26 மில்லிக்கும் சற்றுக் குறைவு. ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு பெரிய பெக்குக்குச் சமம். இரண்டு பீர், 180 மில்லி குவார்ட்டரைத் தாண்டிவிடும். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 10 மில்லியைத்தான் கரைக்கும். ஒரு பாட்டில் முழுக்க இறங்க ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வாகனச் சட்ட வரம்பைத் தாண்ட, 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அந்த ஒரு பாட்டிலே போதும். முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ. பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இரவு பைக் ஓட்டித் திரும்பும் பிள்ளைக்கு அபராதம் சின்ன விஷயம்.

ஆய்வகத்தில் இருப்பதும் ஆல்கஹால்தானே என்று விளையாட்டாகப் பேசுவதும் உண்டு. ஆய்வகத்துக்கு எத்தனால் வாங்கவே அனுமதி வேண்டும். அதன் பக்கத்து அலமாரியில் இருக்கும் மெத்தனால் பார்வைக்கும் மணத்துக்கும் ஏறத்தாழ அதேதான். உடலுக்குள் போனால் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்னும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது இதுதான்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கொடுமையான பேச்சு இந்த ஊரில் உண்டு. “அப்பன் குடிகாரன், பையன் எப்படி இருப்பான்?” குடிநோயில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பாதி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் மறுபாதி பரம்பரை அல்ல. கோர்வைப் புடவை நெய்யும் குழித்தறியில் நெசவாளருக்குப் பக்கத்தில் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் மனைவி, சில வீடுகளில் பிள்ளை. தறிக்காரர் ஒருநாள் குடித்துவிட்டுப் படுத்தால் அந்த இருவர் கூலியும் போகும், முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கும். இதைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மதுவின் விலை நன்றாகவே தெரியும். அவனை முன்கூட்டியே குற்றவாளி ஆக்காமல், 14416 என்ற மனநல உதவி எண் அவன் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே விடுதிக் காப்பாளர் செய்ய வேண்டியது.

பிடிபட்டால் அன்றே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் முழு உண்மையல்ல. வளாகத்தில் குடித்தால் நடவடிக்கை எடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, மாணவரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே தண்டனை. அதில் குறை இருந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி அமைத்த குறைதீர்க் குழுவுக்குப் போகலாம். மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018இலேயே அறிவித்துவிட்டது.

இந்தப் பயத்தைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், அதிலிருந்துதான் மிக ஆபத்தான நம்பிக்கை பிறக்கிறது: “தூங்கவிடு, காலைல சரியாயிடும்.” குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருப்பது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மல்லாந்து கிடப்பவர் வாந்தியெடுத்தால் மூச்சுக்குழல் அடைத்துப்போகும். தட்டியெழுப்பியும் விழிக்காமை, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, நீலம்பாய்ந்த உதடு, சில்லிட்ட தோல் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வண்டி வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாயில் விரல் விட்டு வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. நண்பர்கள் இதைச் செய்யாமல் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஈரமில்லாததால் அல்ல, வார்டனுக்குத் தெரிந்துவிடும் என்பதால். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் ஒரு விதி கொண்டுவந்தது: உயிராபத்தில் உதவி கேட்டவருக்கும், யாருக்காகக் கேட்டாரோ அவருக்கும் குடித்ததற்காகத் தண்டனை இல்லை. அதன் பிறகு உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின, குடிப்பது கூடவில்லை. காஞ்சியைச் சுற்றியுள்ள கல்லூரிகள் இந்த ஆண்டுக்கான விடுதி விதிப் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பும்முன் அந்த ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் பெற்றோர், ‘நள்ளிரவில் என் பிள்ளையின் நண்பன் 108ஐக் கூப்பிட்டால் அவனுக்கு என்ன ஆகும்’ என்று அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.