சேமிப்புக் கணக்கும் தண்டத் தொகையும்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1 கோடியே 6 இலட்சம் மகளிருக்கு மாதந்தோறும் ரூ. 1,000 அவரவர் வங்கிக் கணக்கிலேயே சேர்க்கப்படும் என்பது ஏற்பாடு. முதல் மாதத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பது போன்ற காரணங்களைக் காட்டிச் சில வங்கிகள் அந்த ஆயிரத்திலிருந்து தம் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு இதனைக் கண்டித்து அறிக்கை விடுத்தார்; பணம் பிடிக்கப்பட்டோர் 1100 என்னும் எண்ணில் முறையிடலாம் என்றும் அறிவிக்கப்பட்டது.

செய்தி அத்துடன் மறக்கப்பட்டது. ஆனால் அதனுள் இருக்கும் வினா நம்மில் பலருடைய வீட்டிலும் இருப்பது. தண்டம் கேட்கும் ஒரு சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பதா, அதே வங்கியில் எளிய கணக்காக இறக்கிக்கொள்வதா, வேறு வங்கிக்கு மாறிவிடுவதா? இதனைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம் என்பது என் கருத்து.

முதலில் 'மாதச் சராசரி இருப்பு' என்பதன் பொருளை அறிய வேண்டும். கணக்கில் எந்நாளும் ரூ. 10,000 இருந்தாக வேண்டும் என்றே பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. ஒவ்வொரு நாளும் முடிவில் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாள்களால் வகுத்து வருவதே சராசரி. முப்பது நாள் மாதத்திற்குக் கூட்டுத்தொகை 3,00,000 வந்தால் போதும். சீட்டுப் பணம் ஓர் இலட்சம் மூன்று நாள் கணக்கில் தங்கினாலே அம்மாதக் கடன் தீர்ந்தது! மீதி இருபத்தேழு நாளும் கணக்கு வெறுமையாய்க் கிடந்தாலும் தண்டம் இல்லை. இதனை அறிந்த வணிகர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சீட்டு எடுத்த கையோடு பணத்தை வெளியே எடுத்துவிடும் எளிய குடும்பத்தார் அறிவதில்லை.

எங்கள் ஐயப்பன்தாங்கலில் இத்தகைய கணக்குகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் பஸ் டெப்போவின் பக்கம் விடியற்காலையில் நின்றால், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கம்பெனி பஸ்களுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களையும் பெண்களையும் காணலாம். வேலைக்குச் சேர்ந்ததும் கம்பெனியே ஒரு வங்கியில் சம்பளக் கணக்குத் திறந்து தருகிறது. அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது. வேலை நின்று, சில மாதங்கள் சம்பளம் வராது போனால், அதுவே சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிடுகிறது. கணக்கு எண் அதே, அட்டை அதே, விதி மட்டும் வேறு. வருமானம் நின்ற அந்த நேரத்தில்தான் பத்தாயிரம் வைத்திரு என்னும் நிபந்தனை வந்து சேர்கிறது.

என் அக்காவின் கணக்கும் இவ்வாறு மாறியதே. குழந்தை பிறந்தபின் அவர் வேலையை விட்டார். வங்கியின் பெயர் இங்கு வேண்டா. இருப்புக் குறைந்தால், குறைந்த தொகையில் 6 சதவீதம் அல்லது ரூ. 500, இவற்றுள் எது சிறியதோ அது தண்டம் என்பது அவ்வங்கியின் விதி. அக்காவின் பாஸ்புத்தகத்தில் ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டேன். மாமா கொடுத்ததைப் போட்டதால் முதல் ஐந்து நாள் ரூ. 6,000, அடுத்த பதினைந்து நாள் ரூ. 2,000, கடைசிப் பத்து நாள் ரூ. 500. கூட்டினால் 65,000. சராசரி ரூ. 2,167. குறைவு ரூ. 7,833. அதில் 6 சதவீதம் ரூ. 470. அதன்மேல் 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி. ஆக மாதம் ஏறத்தாழ ரூ. 555, ஆண்டு முழுவதும் இவ்வாறே சென்றால் ரூ. 6,650. சராசரியாக ரூ. 2,167 மட்டுமே உள்ள கணக்கு இது. ஆண்டுக்கு இரண்டரை சதவீத வட்டி என்றால் அதற்குக் கிடைப்பது ரூ. 54!

இனி மறுபுறம் நோக்குவோம். பத்தாயிரத்தை எப்போதும் கணக்கில் வைத்திருக்கக்கூடிய ஒருவருக்கு என்ன செலவு? இரண்டரை சதவீதத்தில் அவருக்கு ஆண்டுக்கு ரூ. 250 கிடைக்கிறது. அதே பணத்தை ஆறரை சதவீத நிரந்தர வைப்பில் போட்டால் ரூ. 650. வேறுபாடு ரூ. 400. அவ்வளவே அவருடைய நட்டம். அவர் கணக்கை மாற்ற அலைய வேண்டியதில்லை. வசதி கருதி வைத்துக்கொள்ளலாம். ஒரே கணக்கு, ஒரே விதி. இருப்பவருக்கு விலை 400, இல்லாதவருக்கு 6,650. 2020-21 முதல் 2024-25 வரையிலான ஐந்தாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் இவ்வகையில் ரூ. 8,900 கோடிக்கு மேல் வசூலித்தன என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அது யாரிடமிருந்து வந்த பணம் என்று விளக்கத் தேவையில்லை.

ரிசர்வ் வங்கி இதில் ஒருமுறை நல்ல வழியைக் காட்டிப் பின்னர்த் தளர்ந்தது. இருப்புக் குறைந்தால் தண்டம் விதிக்காமல், சேவைகளை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று 2014 ஏப்ரலில் தன் கொள்கை அறிக்கையில் கூறியது. அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த சுற்றறிக்கையோ தண்டத்தை அனுமதித்து, அதற்கு வரம்புகளை மட்டும் வகுத்தது. அவ்வரம்புகளேனும் நம் நினைவில் இருக்க வேண்டும். முன்னறிவிப்புத் தந்து, இருப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தர வேண்டும். தண்டம் குறைவின் அளவிற்கேற்ப இருக்க வேண்டும். தண்டத்தினால் மட்டும் கணக்கு பூச்சியத்திற்குக் கீழே போகக் கூடாது.

'அப்படியே போட்டுவிட்டால் தானே செத்துப்போகும்' என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறான வழி. இரண்டாண்டு பரிவர்த்தனை இல்லாவிட்டால்தான் கணக்கு செயலற்றதாகும். அதன்பின் தண்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதுவரை உள்ள பணத்தைத் தண்டம் தின்றுவிடும்.

ஆகவே எஞ்சியவை இரண்டு. 2012 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வகுத்த அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. குறைந்தபட்ச இருப்பு இல்லை, ஏ.டி.எம். அட்டைக்குக் கட்டணம் இல்லை. மாதம் நான்கு முறையேனும் இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஏழைகளுக்கு மட்டும் உரியது என்பதும், ரூ. 50,000-க்கு மேல் வைக்கக்கூடாது என்பதும் பிழையான எண்ணங்கள். அவ்வுச்சவரம்பு முழுமையான ஆவணங்கள் இன்றித் திறக்கப்படும் 'சிறு கணக்கு'க்கே உரியது. அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. முன்பு யு.பி.ஐ. மூலம் செலுத்துவதையும் அந்த நான்கில் சேர்த்து எண்ணிய வங்கிகள் இருந்தன. 2025 டிசம்பரில் வந்த திருத்தம், 2026 ஏப்ரல் 1 முதல் அவற்றை எண்ணக் கூடாது என்றது. காய்கறிக் கடையிலும் கைப்பேசியைக் காட்டும் இக்காலத்தில் இது சிறிய மாற்றம் அன்று.

மற்றது வங்கி மாறுதல். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் சேமிப்புக் கணக்கிற்கான தண்டத்தைக் கைவிட்டது. 2025-இல் கனரா வங்கி ஜூன் 1 முதலும், நம் சென்னையில் 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கி ஜூலை 7 முதலும் கைவிட்டன. ஆனால் கைப்பேசி எண்ணைப் போலக் கணக்கு எண்ணை உடன் எடுத்துச் செல்லும் வசதி நம் நாட்டில் இல்லை. கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம், கல்வி உதவித்தொகை என ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்ற வேண்டும். ஆதார் வழி வரும் அரசுப் பணம், ஆதார் இறுதியாக இணைக்கப்பட்ட வங்கிக்கே செல்லும். எனவே இரண்டு மாதமேனும் பழையதையும் புதியதையும் சேர்த்து நடத்திப் பார்த்துவிட்டுப் பழையதை மூடுவது நலம்.

அக்காவின் கணக்கிலிருந்து இருசக்கர வண்டிக் கடனுக்கு இன்னும் பதினான்கு தவணைகள் போக வேண்டும். ஒரு தவணை தவறினால் அதற்கும் தனித் தண்டம். அந்தக் கடன் மட்டும் இல்லையேல் வங்கி மாறுவதையே நான் சொல்லியிருப்பேன். கணக்கு எண் மாறாது என்பதைக் கவுண்ட்டரில் கேட்டு உறுதி செய்துகொண்டு, அடிப்படைக் கணக்காக மாற்றும்படி எழுத்து மூலம் விண்ணப்பித்தோம்; நகலில் தேதி முத்திரையும் வாங்கினோம். முன்னறிவிப்பின்றிப் பிடிக்கப்பட்ட இரண்டு மாதத் தண்டத்தைத் திருப்பித் தரக் கோரித் தனியே ஒரு மனுவும் கொடுத்துள்ளோம். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இக்கட்டுரையை ஆசிரியர் குழுவிடம் ஒப்படைக்கும் இன்று, பதினொரு நாள் மீதமிருக்கிறது.