ஆபீஸ் மூழ்கினாலும் சம்பளம் போட வேண்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பேக்கப் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். பைல்களை வேறொரு இடத்தில் காப்பி செய்து வைப்பதுதான் அது. எங்கள் கணக்குப் பிரிவில் தினமும் மாலை நானே பேக்கப் எடுப்பேன். எடுத்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். தவறு எங்கே என்று புரிகிறதா?

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்று வெள்ளம் சென்னை சைதாப்பேட்டையில் புகுந்தது. தரைத்தளத்தில் இருந்த எங்கள் கம்ப்யூட்டரும் பேக்கப்பும் ஒன்றாகவே மூழ்கின. சம்பளம் போட ஆறு நாள்தான் இருந்தது. வீட்டில் தண்ணீர் புகுந்து எல்லாம் போனவர்கள் அந்தப் பணத்தை நம்பியிருந்தார்கள். நல்லவேளையாக, முந்தைய மாதம் வங்கிக்கு அனுப்பிய இமெயிலில் சம்பளப் பட்டியல் அட்டாச்மென்ட்டாகக் கிடந்தது. அதையே வைத்துச் சம்பளம் போட்டோம். விடுப்புப் பிடித்தம் அடுத்த மாதம்.

டேட்டா பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது, ஆளும் வேண்டும். டிசம்பர் 2 அன்று, 1878-ல் தொடங்கிய 'தி இந்து' ஆங்கில நாளிதழின் சென்னைப் பதிப்பே அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியவில்லை!

பிறகு எங்கள் பிரிவுக்கு ஒரு பக்கத் திட்டம் தயாரித்தேன். வேர்டில் ஒரு டேபிள் போட்டாலே போதும். என்ன வேலை, எத்தனை நாள் தள்ளிப்போடலாம், யார் செய்வார், அவர் வராவிட்டால் யார், பைல் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். சம்பளம் ஒரு நாள்கூடத் தாங்காது. பிஎப் பணத்தை 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பழைய வவுச்சர்களை அடுக்கும் வேலை ஒரு மாதம் காத்திருக்கும். எல்லோருடைய போன் நம்பரையும் கீழே சேர்த்து, பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். கரண்ட் இல்லாதபோது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் திட்டத்தை எப்படிப் படிப்பது? பாஸ்வேர்டுகளை மட்டும் இதில் எழுதாமல், ஒட்டிய கவரில் போட்டு மேலதிகாரியிடம் தந்துவிடுங்கள்.

இப்போது எங்களிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள். ஒன்று ஆபீஸில், மற்றொன்று வேறு கட்டடத்தில். திங்கட்கிழமைதோறும் மாற்றிக்கொள்வோம். இரண்டையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறோம்.

மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நான் முதல்முறை பார்த்தபோது பாதி பைல்கள் திறக்கவில்லை. டெஸ்க்டாப்பில் ஐகானின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி தெரிந்தால் அது ஷார்ட்கட், பைல் அல்ல. நான் அத்தனை நாளும் ஷார்ட்கட்டுகளைத்தான் காப்பி செய்து கொண்டிருந்தேன்.