சூளையைக் குறைத்த வீடு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முதல் இரண்டை நாள்தோறும் மாற்றிக்கொள்ளலாம். உறையுள் அத்தகையதன்று. கடன்பட்டுக் கட்டிய வீட்டில் ஐம்பது ஆண்டேனும் குடியிருந்தாக வேண்டும். அது வெயிலில் காய்ந்தால் நாமும் உடன் காய வேண்டும். ஆதலால் வீடு கட்டத் துணிவோர் வானம் தோண்டுவதற்கு முன்பே பல கணக்குகளைப் போடுகின்றனர். மனையடி பார்ப்பவர் ஒரு கணக்குப் போடுகிறார். வங்கிக்காரர் ஒன்று போடுகிறார். மேஸ்திரி ஒன்று போடுகிறார். இம்மூன்றும் நாடறிந்தவை. நான் இங்குக் கூற விரும்புவது நான்காவது கணக்கு. ஒரு வீட்டுக்காக எவ்வளவு பொருள் எரிக்கப்படுகிறது என்பதே அது.

ஆலங்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் 2021ஆம் ஆண்டு நாங்கள் வீடு கட்டத் தொடங்கினோம். நான் வேதியியல் கற்பிப்பவன். எனவே என் கணக்கு சுண்ணாம்புக்கல்லில் தொடங்கியது. கால்சியம் கார்பனேட்டைச் சூடேற்றினால் கால்சியம் ஆக்சைடும் கரியமில வாயுவும் கிடைக்கும் என்பதை மாணவர் அனைவரும் பள்ளியிலேயே எழுதிப் பழகியிருப்பர். நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ வாயுவாகப் பறந்துவிடும்; 56 கிலோதான் மிஞ்சும். சிமெண்டு ஆலையில் நிகழ்வதும் இதுவே. அடுப்பில் எரியும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். இரண்டையும் கூட்டினால் 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்குச் சுமார் 30 கிலோ கரியமில வாயு காற்றில் கலக்கிறது. உலகில் மனிதரால் வெளியாகும் இவ்வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செங்கல்லின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. கண்மாய் மண்ணை வெட்டி, காளவாயில் அடுக்கி, மரத்தையும் கரியையும் எரித்துத்தான் ஒவ்வொரு கல்லும் சிவக்கிறது.

எனவே சிக்கனத்தின் முதற்படி எந்தப் பொருளை வாங்குவது என்பதன்று. எவ்வளவு கட்டுவது என்பதே. பொறியாளர் வரைந்து தந்த முதல் வரைபடம் 1,600 சதுர அடி. வீட்டார் ஐவரும் ஒரு மாலை உட்கார்ந்து, ஒவ்வோர் அறையையும் ஆண்டில் எத்தனை நாள் பயன்படுத்துவோம் என்று எழுதிப் பார்த்தோம். விருந்தினர் அறைக்கு ஆறு நாள் வந்தது; ஊர்த் திருவிழாவுக்கு மூன்று, பொங்கலுக்கு மூன்று. உணவறை என்று ஒன்று இருந்தது. அங்கே உண்பவர் யாருமில்லை, எல்லோரும் அடுப்படி அருகிலேயே உண்பவர்கள். அந்த இரண்டு அறைகளையும் நீக்கி, கூடத்தைச் சற்று நீட்டி, முன்புறம் அகலமான திண்ணை வைத்தபோது 1,050 சதுர அடியில் வீடு முடிந்துவிட்டது. எந்தப் புதுமைப் பொருளும் இல்லாமலேயே சூளையில் மூன்றில் ஒரு பங்கு அணைந்துவிட்டது என்று மகளிடம் சொன்னேன். தனக்கென்று கேட்ட படிக்கும் அறை தப்பிவிட்டதா என்பதே அவள் கவலை. தப்பிவிட்டது.

அப்பாவின் கவலை வேறு. அவர் பிறந்தது மண்சுவர்க் குடிசையில். நான் மண்கல் என்று வாயெடுத்ததும், "மண் சுவரை விட்டு வெளியே வரத்தானடா உன்னைப் படிக்க வைத்தேன்" என்றார். இந்தச் சொல்லை எளிதில் தள்ளிவிட முடியாது. சுற்றுச்சூழல் பற்றிப் பேசுவோர் பலர் மண்வீட்டில் மழைக்காலம் கழித்தவர் அல்லர். இதனுடன் 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கரையைக் கடந்த கஜா புயலின் நினைவும் அவரிடம் இருந்தது. அன்று எங்கள் தெருவில் ஓடும் தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் பறந்தன. தெருவாரெல்லாம் ஒதுங்கியது காங்கிரீட் தளம் போட்ட வீடு ஒன்றில். ஆகவே "சுவரை என்னவோ செய், மேலே தளம்தான்" என்பது அவர் விதித்த நிபந்தனை. அதில் நியாயம் இருந்தது. புயலுக்கு நில்லாத வீடு சூழலுக்கு இசைந்தது ஆகாது. மறுபடி கட்ட மறுபடி சூளை மூட்ட வேண்டும் அல்லவா?

கண்ணால் காணாததை அப்பா ஏற்கமாட்டார் என்பதால், குடும்பத்தோடு மதுரை வழியாகத் திருவனந்தபுரம் சென்றோம். லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1945இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்து, இந்தியராகவே வாழ்ந்து, 2007இல் அந்நகரில் மறைந்தவர். வீடு கட்டும் பொருள்கள் அந்த இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தவர். உள்ளூரில் அவர் அமைத்த வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைச் சுற்றி வந்த அப்பா, சிவந்த செங்கற் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சு வேலைக்குக் காசு பற்றவில்லையோ?" என்று கேட்டார். பின்பு பேருந்து நிலையத்தருகே பேக்கர் கட்டிய காப்பிக் கடைக்குச் சென்றோம். தூண்போல் எழும்பிய வட்டக் கட்டடம். அதன் உள்ளே சாய்தளம் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது, அச்சாய்விலேயே மேசைகள். சுவரில் விட்ட சிறு துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. அங்கே இரண்டு காப்பி குடித்த பிறகு அவர் எதிர்ப்பு பாதியாயிற்று.

பேக்கர் பரப்பிய சுவர்முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். வழக்கமாகக் கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவர். இம்முறையில் விளிம்பின்மேல் நிறுத்திக் கட்டுவர். சாந்தும் சேர்த்து 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள சேம்பர் கல்லை எடுத்துக்கொள்வோம். இரண்டு கற்களைச் சுவரின் இரு முகங்களிலும் நிறுத்தினால் நடுவே 3 அங்குல வெற்றிடம் இருக்கும். அடுத்த கல்லைக் குறுக்கே நிறுத்தினால் அது இரு முகங்களையும் பிணைக்கும். இப்படி 12 அங்குல நீளத்துக்கு மூன்று கற்கள். அதே நீளம், உயரம், கனம் கொண்ட கெட்டிச் சுவருக்கு நான்கு கற்கள் தேவை. பெருக்கிப் பார்க்க விரும்புவோர் தாளெடுத்துப் பெருக்கலாம்: 12 × 4½ × 9 கன அங்குலம், ஒரு கல்லின் கன அளவுக்குச் சரியாக நான்கு மடங்கு. ஆக நான்கில் ஒரு கல் மிச்சம். அத்துடன் உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. பகல் வெயில் அறைக்குள் வந்து சேரத் தாமதமாகும்.

எங்கள் மேஸ்திரி இதைக் கேட்டு, "பேரே எலிப்பொறிங்கிறீங்க சார், உள்ளே எலி குடிவந்தா யார் பொறுப்பு?" என்றார். கேள்வி சிரிப்புக்குரியதன்று. அடிவரிசையும் ஜன்னல் மட்டத்து வரிசையும் மேல்வரிசையும் கெட்டியாகக் கட்டப்பட வேண்டும். கதவு, ஜன்னல் ஓரங்களும் அப்படியே. மூலைகளின் வெற்றிடத்தில் கம்பி இறக்கிக் காங்கிரீட் நிரப்பினால் சுவருக்கு வலிமை கூடும். மின்குழாய் எங்கே போகும் என்பதை முன்னரே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு சுவரை வெட்டினால் கல் உடைந்து பள்ளம் விழும். மேஸ்திரி சாந்து இல்லாமல் இரண்டு வரிசை அடுக்கிப் பார்த்தார், கலைத்தார், மீண்டும் அடுக்கினார். மூன்றாம் நாள் கை பழகிவிட்டது. கூலி சற்று அதிகம் கேட்டார். கொடுத்தோம்.

வெளிச்சுவர் நான்கும் இவ்வாறு சுட்ட கல். உட்சுவர்களுக்குச் சுடாத கல். வானம் தோண்டிய மண்ணும் தண்ணீர்த் தொட்டிக் குழியின் மண்ணும் மனையிலேயே குவிந்து கிடந்தன. அதைச் சலித்து, நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்டு கலந்து, கையால் இயக்கும் அழுத்தும் எந்திரத்தில் இட்டுக் கல்லாக அழுத்தினோம். ஆரோவில்லில் பார்வையாளர் மையம் முதலாகப் பல கட்டடங்கள் இவ்வகைக் கற்களால் எழுந்தவை. இக்கல்லுக்குக் காளவாய் வேண்டாம். ஆனால் பொறுமை வேண்டும். நான்கு வாரம் ஈரம் காயாமல் நீர் தெளித்து மூடிவைக்க வேண்டும். எங்களுக்குக் கடன் தர இசைந்த வங்கியில் ஓர் அலுவலர், மண்சுவருக்குக் கடன் இல்லை என்று கூறிக் கோப்பை மூடிவிட்டார். மண்கல்லுக்கென்றே ஐ.எஸ். 1725 என்னும் இந்தியத் தர வரையறை உண்டு என்பதைப் பொறியாளர் எழுத்தில் காட்டிய பின்பே கோப்பு மறுபடி திறந்தது. இவ்வழியில் செல்ல எண்ணுவோர் அவ்வெண்ணைக் குறித்துவைத்துக்கொள்க.

இனி அப்பா கேட்ட தளம். காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது. தளத்தின் மேல்பாதி அழுத்தப்படுகிறது, கீழ்பாதி இழுபடுகிறது. கீழே இழுப்பைத் தாங்குவது கம்பிதான். கம்பிகளுக்கு இடையில் உள்ள காங்கிரீட் பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. அந்த இடத்தில் மலிவான வேறு பொருளை வைத்து நிரப்பினால் தளத்தின் வலிமை குறையாது. கஜாவில் சரிந்த வீடுகளின் பழைய சீமை ஓடுகள் வாங்குவாரின்றி ஊரெங்கும் கிடந்தன. அவற்றை நீரில் ஊறவைத்து, இரண்டிரண்டாக இணைத்து, கம்பிக் கட்டங்களின் நடுவே சென்ட்ரிங் பலகையின்மேல் அடுக்கி, மேலே காங்கிரீட் போட்டோம். சுவரை ஒட்டிய பகுதியில் மட்டும் ஓடு வைக்கவில்லை. அங்கே கெட்டியாக இருப்பது அவசியம். கம்பியின் அளவையும் இடைவெளியையும் பொறியாளரே கணக்கிட வேண்டும்; இதில் கைவந்தபடி செய்தல் கூடாது. ஓட்டுக்குள் அடைபட்ட காற்று இங்கும் வெப்பத்தைத் தடுக்கிறது. பலகையைப் பிரித்ததும் உட்கூரையில் ஓடுகளின் செந்நிறம் வரிசையாகத் தெரிந்தது. அப்பா அண்ணாந்து பார்த்து, "இது அந்தோணி வீட்டு ஓடு இல்லையா?" என்று ஒவ்வொன்றாக அடையாளம் காட்டத் தொடங்கிவிட்டார். தளத்தின்மேல் தட்டோடு பதித்து வெள்ளையடித்தோம்.

கதவு, ஜன்னலுக்கும் காட்டு மரம் வாங்கவில்லை. புயலில் சாய்ந்த எங்கள் தோட்டத்துப் பலாவையும் வேம்பையும் அறுத்து, நிழலில் அடுக்கி இரண்டு ஆண்டுக்கு மேல் உலர்த்தி வைத்திருந்தோம். பலாமரம் இழைக்க இழைக்க மஞ்சளாக ஒளிர்கிறது.

சுண்ணாம்புப் பூச்சைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். சுண்ணாம்பும் சுட்டதுதான், ஆயினும் சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி மீண்டும் கார்பனேட்டாக இறுகுகிறது. இழந்ததில் பெரும்பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது எனலாம். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசும் வழக்கம் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆனால் அந்த வேலை தெரிந்த கொத்தனார் அரிது. கிடைத்தாலும் சிமெண்டுப் பூச்சைவிடச் செலவு மிகுதி. கூடத்துக்கும் ஓர் அறைக்கும் மட்டுமே எங்களால் முடிந்தது.

வீட்டின் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்தோம். நம் பகுதியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். சூன் மாதத்தில் சற்றே வடக்கே சாய்கிறான். ஆகையால் இரண்டரை அடி நீட்டிய தாழ்வாரம் வடசுவர் முழுவதையும் நண்பகலில் நிழலில் வைக்கும். மார்கழியில் தெற்கே தாழ்ந்து வரும் வெயில் தீங்கு செய்வதன்று. காலை, மாலைச் சாய்வெயிலைத் தாழ்வாரம் தடுக்காது. அதனால் கிழக்கும் மேற்கும் குறுகிய பக்கங்களாயின. மேற்கே குளியலறையும் சாமான் அறையும் வெயிலை வாங்கிக்கொள்கின்றன.

தண்ணீர்க் கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் தளம் ஏறத்தாழ 100 சதுர மீட்டர். இப்பகுதியில் ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். 90,000 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் சேரும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஆறு லிட்டர் என்றால் ஐவருக்கு ஆண்டுக்கு 11,000 லிட்டருக்குள் அடங்கும். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வருவதால் பத்தாயிரம் லிட்டர் நிலத்தொட்டி போதும். கோடைமழை குறையை நிரப்பிவிடும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்ப வேண்டும். மிகுதி நீர் ஆழ்குழாய்க் கிணற்றருகே உள்ள உறிஞ்சு குழிக்குப் போகிறது. 2003ஆம் ஆண்டில் தமிழகம் முழுதும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது அமைத்த குழாய்கள் பல வீடுகளில் அலங்காரமாகத் தொங்குவதைக் காணலாம். ஆண்டுக்கு ஒருமுறை தளத்தைப் பெருக்குவார் இல்லாததே காரணம். குளியல் நீர் எங்கள் வாழைக்கும் கல்வாழைக்கும் பாய்கிறது. சூரிய மின்தகடு பற்றி விளம்பரங்களே போதிய அளவு கூறிவிட்டன.

செலவு குறைந்ததா என்று பலர் கேட்கின்றனர். கல்லிலும் சிமெண்டிலும் மிச்சமானதில் பெரும்பகுதி கூலியாகப் போய்விட்டது. சதுர அடிக்கு மற்றவர் செலவிட்டதே எங்களுக்கும் ஆயிற்று. பரப்பைக் குறைத்ததில்தான் பணம் உண்மையாக மிஞ்சியது. சூளைக்குப் போக வேண்டிய பணம் உள்ளூர்க் கொத்தனார் கைக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

தம் ஊர் மண் கல்லுக்கு ஆகுமா என அறிய விரும்பும் மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வேர்கள் உள்ள மேல்மண்ணை நீக்கிவிட்டு, இரண்டடி ஆழத்திலிருந்து மண் எடுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மிகுதி நீரும் இட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். முதலில் சரளையும் மணலும், அதன்மேல் வண்டலும், ஒரு நாள் கழித்துக் களியும் படியும். மணலும் சரளையும் பாதிக்கு மேலாகவும் களி ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் இருந்தால் அது நல்ல மண். களி மிகுந்தால் மணல் சேர்க்கலாம். ஐயம் இருப்பின் புட்டியைக் குலுக்காமல் வேதியியல் ஆய்வகத்துக்கு எடுத்து வருக; திங்கள், புதன் பிற்பகலில் நான் அங்கு இருப்பேன்.